அக்ரிடிடேஷன் இருக்கு, அரசாங்கமே பணம் தருது... அப்போ அந்தக் காலேஜை நம்பலாமா?

பிரிவு: அமெரிக்க வாழ்க்கை › படிப்பு, வேலை

டாலஸ்_பிரபா:
எல்லாருக்கும் வணக்கம். என் மச்சினிக்கு கிரீன் கார்டு வந்து இங்கே வந்திருக்கிறாள். ஊரில் பி.எஸ்சி. முடித்தவள். மெடிக்கல் அசிஸ்டெண்ட் கோர்ஸ் படித்துச் சீக்கிரம் வேலைக்குப் போகணும் என்று ஆசை. டிவி விளம்பரம் பார்த்து ஒரு தனியார் காலேஜ் வெப்சைட்டில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து போன் ஓயவே இல்லை. கவுன்சலர் அம்மா சொல்வது: "நாங்க அக்ரிடிடட். பெல் கிராண்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவி கிடைக்கும், மீதிக்கு ஃபெடரல் லோன். கையிலிருந்து ஒரு டாலர் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் இந்த பேட்ச்."

என் கேள்வி இதுதான். அரசாங்கம் சும்மா பணம் கொடுக்குமா? காலேஜைச் சோதித்துப் பார்த்துத்தானே கொடுத்திருப்பார்கள்? இதற்கு மேல் நாங்கள் என்ன பார்க்கணும்?

சாந்தி_கே:
பிரபா, ஒரு நிமிஷம். பி.எஸ்சி. முடித்தவருக்கு வழக்கமான பெல் கிராண்ட் கிடையாது. இளங்கலைப் பட்டம் வாங்கியவருக்கு அது இல்லை, பட்டம் எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும். அந்தக் கவுன்சலருக்கு இது தெரியாமலா இருக்கும்? மச்சினியின் படிப்பைப் பற்றி அவர்களிடம் சொன்னாளா?

டாலஸ்_பிரபா:
சொன்னாளாம் அக்கா. "வெளிநாட்டுப் படிப்பை ஃபார்மில் போட வேண்டாம், அதை யாரும் பார்க்க மாட்டாங்க" என்று பதில் வந்திருக்கிறது. நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாந்தி_கே:
பெரிசாக எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற அரசு உதவி விண்ணப்ப ஃபார்மில் தெரிந்தே பொய் எழுதுவது ஃபெடரல் குற்றம். மாட்டினால் கையெழுத்துப் போட்டவள்தான் பதில் சொல்லணும், கவுன்சலர் வரமாட்டார். கிரீன் கார்டில் இருப்பவர் இந்த விளையாட்டுக்கே போகக்கூடாது.

இது புதுசும் இல்லை. 2010ல் அரசுத் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ, மாணவர் வேஷத்தில் ஆட்களை 15 லாப நோக்குக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. 4 இடத்தில் ஃபார்மில் பொய் எழுதவே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஓஹையோ_வாசு:
பிரபா கேட்டது நல்ல கேள்வி. இங்கே பாதிப்பேர் ஏமாறுவதே "அரசாங்கம் பார்த்திருக்கும்" என்ற அந்த நினைப்பில்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற நம்ம ஊர் ஏஐசிடிஇ மாதிரி ஒரே ஆபீஸ் இங்கே கிடையாது. மூன்று பேர் பொறுப்பு. கல்லூரி நடத்த உரிமம் தருவது மாநில அரசு. படிப்பின் தரத்தைப் பார்த்து அக்ரிடிடேஷன் தருவது தரச்சான்று அமைப்பு. அது அரசு அலுவலகம் இல்லை, தனியார் சங்கம். வாஷிங்டனில் இருக்கும் கல்வித்துறை கணக்குவழக்கைப் பார்த்துப் பணத்தைத் திறந்துவிடும். 1965 உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பாகம்தான் இந்தப் பணத்துக்கு மூலம். "டைட்டில் ஃபோர்" என்று சொல்வது அதைத்தான். கல்வித்துறை வகுப்பறைக்குள் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. தரச்சான்று அமைப்புகளை அது அங்கீகரிக்கும். அந்த அமைப்பு நல்ல கல்லூரி என்று சொல்லிவிட்டால் கல்வித்துறைக்கும் அது நல்ல கல்லூரி.

சரி, அந்த அமைப்புக்குப் படியளப்பது யார்? சான்று வாங்கும் கல்லூரிகளேதான், ஆண்டுக் கட்டணமாக. அதன் குழுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்களிலும் அதே மாதிரிக் கல்லூரிகளின் நிர்வாகிகள் நிறையப் பேர். சந்தையில் தராசு பிடிப்பவனுக்குக் கடைக்காரனே கூலி கொடுக்கிற கதை.

இந்த ஏற்பாடு வந்த விதமும் வேடிக்கை. இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கு 1944ல் ஜி.ஐ. பில் வந்தது. படிப்புக்கு அரசு பணம் தருகிறது என்றதும் புற்றீசல் மாதிரி தொழிற்பள்ளிகள் கிளம்பின. அந்த மோசடிகளைப் பார்த்துத்தான் 1952ல் கொரியப் போர் வீரர்களுக்குச் சட்டம் எழுதும்போது தரச்சான்றைப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே ஒரு விதி: ஒரு படிப்பில் 85 சதவீதத்துக்கு மேல் அரசுப் பணத்தில் படிப்பவர்களாக இருக்கக் கூடாது. சொந்தக் காசு போட்டு நாலு பேராவது படிக்க வந்தால்தான் அந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு என்று பொருள். அரசு தானே கல்லூரிகளை எடைபோடத் தயங்கியது. ஏற்கெனவே இருந்த சங்கங்களிடம் அந்த வேலையைத் தள்ளிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்ள வைத்திருந்த சங்கங்கள் அவை. கோடிக்கணக்கான டாலருக்குக் காவல் காக்க அவற்றை யாரும் உருவாக்கவில்லை.

மதுரைக்காரன்_எல்ஏ:
வாசு சார், எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டாதீங்க. நான் இந்த மாதிரி தனியார் காலேஜ்லதான் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிச்சேன். இன்னிக்கு ஆஸ்பத்திரில நிரந்தர வேலை. கம்யூனிட்டி காலேஜ்ல, அதான் உள்ளூர் கவர்மென்ட் காலேஜ்ல, அதே கோர்ஸுக்குக் காத்திருப்போர் பட்டியல் வருஷக்கணக்குல நீண்டுச்சு. பகல் வேலை, ரெண்டு பிள்ளைங்க, ராத்திரி கிளாஸ். அதையெல்லாம் யார் குடுத்தா? இவங்கதான். கவர்மென்ட் காலேஜ் நாலு மணிக்கு ஆபீஸைப் பூட்டிட்டுப் போயிரும்.

இன்னொண்ணு. அக்கா சொன்ன அந்த ஜிஏஓ அறிக்கையை அவங்களே பின்னாடி திருத்தித் திரும்ப வெளியிட்டாங்க. அதையும் சொல்லணும்ல?

சாந்தி_கே:
திருத்தினார்கள், உண்மை. சில உரையாடல் விவரங்களை மாற்றி எழுதினார்கள். முடிவை மாற்றவில்லை.

ஓஹையோ_வாசு:
மதுரைக்காரரே, உங்கள் கல்லூரி நல்ல கல்லூரியாக இருந்திருக்கும். நான் மறுக்கவில்லை. நல்லதையும் கெட்டதையும் பிரித்துக்காட்ட வேண்டிய ஆள் அந்த வேலையைச் செய்கிறாரா என்பதுதான் பேச்சு.

கொரிந்தியன் காலேஜஸ் கதையை எடுத்துக்கொள்வோம். எவரெஸ்ட், ஹீல்ட், வையோடெக் என்று மூன்று பெயரில் நாடு முழுக்க நூறுக்கு மேல் கிளைகள். 2010ல் ஒரு லட்சத்துக்கு மேல் மாணவர்கள். பகல் நேர டிவியில் விளம்பரம். யாரைக் குறிவைத்தார்கள் என்று கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் 2013ல் போட்ட வழக்கில் இருக்கிறது: தனிமையில் கிடக்கிற, தன்னம்பிக்கை இல்லாத, அக்கறை காட்ட ஆளில்லாதவர்களை. கம்பெனியின் உள் ஆவணங்களிலிருந்தே எடுத்துப் போட்டார்கள். அந்த அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸ்.

வேலைவாய்ப்புக் கணக்கு இன்னும் மோசம். ஒரே ஒரு நாள் வேலை பார்த்தாலும் "வேலை கிடைத்தவர்" என்று எழுதினார்கள் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2014 செப்டம்பரில் வழக்குப் போட்டது. இத்தனைக்கும் இந்தக் கிளைகள் பலவற்றுக்கு ஏசிஐசிஎஸ் என்ற அமைப்பின் தரச்சான்று கடைசி வரை இருந்தது. அந்த அமைப்பு எவரெஸ்ட் கிளைகள் சிலவற்றைத் தன் கௌரவப் பட்டியலிலும் வைத்திருந்தது.

மதுரைக்காரன்_எல்ஏ:
சரி சார், அதான் 90/10 விதி இருக்கே. வருமானத்துல 10 சதவீதமாவது ஃபெடரல் பணம் இல்லாம வெளியிலிருந்து வரணும். குப்பைக் காலேஜா இருந்தா அந்த 10 எங்கருந்து வரும்?

ஓஹையோ_வாசு:
எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1992ல் இது 85/15ஆக இருந்தது. 1998ல் தளர்த்தி 90/10 ஆக்கினார்கள். கொரிந்தியன் அந்த 10ஐ எப்படி நிரப்பியது? படிப்புக் கட்டணத்தை ஃபெடரல் உதவி எட்டாத உயரத்துக்கு ஏற்றியது. குறைகிற பணத்துக்கு "ஜெனிசிஸ்" என்று ஒரு தனியார் கடனை அதுவே ஏற்பாடு செய்து மாணவர் தலையில் கட்டியது. வட்டி 15 சதவீதம் வரை. வாங்கியவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் மூன்று வருஷத்துக்குள் கட்ட முடியாமல் நின்றுவிட்டார்கள். கம்பெனிக்கு அதில் கவலை இல்லை. அந்தக் கடன் திரும்பி வராவிட்டாலும், மீதி 90ஐ வாங்கித் தருகிறதே!

அது போக, ராணுவ வீரர்களின் ஜி.ஐ. பில் பணம் 2022 வரை அந்த 10க்குள் கணக்கானது. அதுவும் அரசுப் பணம்தான், ஆனால் கல்வித்துறைப் பணம் இல்லையாம். அதனால்தான் படைமுகாம் வாசல்களில் இந்தக் கல்லூரி ஆட்கள் மொய்த்தார்கள். 2021ல் சட்டத்தைத் திருத்தி, 2023லிருந்து அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

செனட்டர் டாம் ஹார்க்கின் குழு 2012ல் 30 கம்பெனிகளின் கணக்கை வெளியிட்டது. 2009ல் வருமானத்தில் 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள் பிடிப்பதற்கும், 19.4 லாபம், பாடம் நடத்த 17.2. கடைசி எண்ணை இன்னொரு தடவை படியுங்கள்.

ஃப்ரீமாண்ட்_ரவி:
ஏசிஐசிஎஸ் பேரு வந்ததால நானும் உள்ள வரேன். "நமக்கு ஃபெடரல் எய்டே கிடையாது, எஃப்-1 மாணவர் விசால வரவனுக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு நினைக்கிறவங்க இதைப் படிங்க.

2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்குற ரெண்டு யூனிவர்சிட்டிக்கு வந்த பசங்களை சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பினாங்க. ஏர் இந்தியா அந்த ரெண்டு காலேஜ் பேரைச் சொன்னா ஃப்ளைட்லயே ஏத்தல. ரெண்டுக்கும் சர்டிஃபிகேட் குடுத்தது இதே ஏசிஐசிஎஸ்.

2016 டிசம்பர்ல கல்வித்துறை ஏசிஐசிஎஸ்ஸோட அங்கீகாரத்தைப் பறிச்சுது. உடனே எங்க ரூம்ல ஒரே கலவரம். படிப்பு முடிச்சு இங்க வேலை பாக்குற ஸ்டெம் ஓபிடி அனுமதி நீட்டிப்புக்கு அப்ளை பண்ற அன்னிக்கு காலேஜுக்கு செல்லுபடியாகிற சான்று இருக்கணும். எச்-1பி வேலை விசால மாஸ்டர்ஸ் கோட்டாவுக்கு, டிகிரி குடுத்த அன்னிக்கு இருக்கணும். படிச்ச பையன் ஒரு தப்பும் பண்ணல, ஃபீஸ் முழுசா கட்டினான். வாஷிங்டன்ல ஒரு கையெழுத்து, இங்க ஒருத்தன் மூட்டை கட்டுறான்.

டாலஸ்_பிரபா:
அங்கீகாரத்தைப் பறித்தார்கள் என்றால் நல்லதுதானே? கண்காணிப்பு வேலை செய்திருக்கிறதே?

ஃப்ரீமாண்ட்_ரவி:
கதை அங்க முடியல. 2018ல முதல்ல கோர்ட், ஆதாரத்தை முழுசாப் பாக்காம முடிவெடுத்துட்டீங்கன்னு திருப்பி அனுப்புச்சு. அப்புறம் நவம்பர்ல அப்போதைய கல்வித்துறை அமைச்சர் பெட்ஸி டிவோஸ் திரும்ப அங்கீகாரம் குடுத்தாங்க. 2020 பிப்ரவரில வந்த செய்தி இது: யுஎஸ்ஏ டுடே நிருபர்கள் தெற்கு டகோட்டா மாநிலம் சூ ஃபால்ஸ்ல ரீகன் நேஷனல் யூனிவர்சிட்டின்னு ஒண்ணைத் தேடிப் போனாங்க. மாணவரும் இல்ல, வாத்தியாரும் இல்ல. ஆனா ஏசிஐசிஎஸ் சான்று மட்டும் வாங்கி வெச்சிருந்தாங்க! கடைசியா 2022 ஆகஸ்ட்லதான் ஏசிஐசிஎஸ் கதை முடிஞ்சுது. 2016ல ஆரம்பிச்சது 2022 வரைக்கும். இதுக்குப் பேரு கண்காணிப்பா?

கொங்கு_சரவணன்:
இதைப் படிக்கும்போது கல்லூரிகளுக்கு கிரேடு போடுகிற நம்ம ஊர் நாக் அமைப்புதான் ஞாபகம் வருகிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கு நல்ல கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுத் தலைவரையே சிபிஐ கைது செய்தது. அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரிகளிலும் ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியதை 2024ல் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. ஆய்வு நாளில் மட்டும் லேபில் மெஷின் ஓடும். நாம் பார்க்காததா?

நெறியாளர்:
சரவணன், இதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாகப் பேசலாம். அண்ணா பல்கலை தொடர்பாக வந்த மற்றப் பின்னூட்டங்களையும் அங்கே நகர்த்துகிறேன். இங்கே அமெரிக்க விஷயம் மட்டும்.

ராலே_மீனா:
நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வாசு சொன்னதெல்லாம் சரி. ஆனால் "ஏன் உடனே மூடவில்லை" என்று கேட்பவர்களுக்கு என் பக்கத்து அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

கல்வித்துறை கையில் இருக்கும் ஒரே கூர்மையான ஆயுதம் பணக் குழாய். கொரிந்தியனை 2014 ஜூனில் எப்படிச் சாய்த்தார்கள் தெரியுமா? தடை இல்லை, அபராதம் இல்லை. கேட்ட ஆவணங்கள் வரவில்லை என்று ஃபெடரல் பணத்தை 21 நாள் தாமதமாகத் தருவோம் என்றார்கள். அவ்வளவுதான். அத்தனை பெரிய கம்பெனியிடம் மூன்று வாரம் தாக்குப்பிடிக்கக் கைக்காசு இல்லை. கிளைகளை விற்க ஆரம்பித்தார்கள், 2015 ஏப்ரலில் மீதியை மூடினார்கள். கடைசி நாளில் சுமார் 16,000 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஐடிடி டெக் என்ற இன்னொரு கல்லூரிக் கம்பெனியும் அப்படியே. 2016 ஆகஸ்ட் 25ல், ஃபெடரல் உதவி வாங்கும் புது மாணவரைச் சேர்க்கத் தடை. செப்டம்பர் 6ல் எல்லாக் கிளையும் மூடல். இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கள் கவுண்டருக்கு வருவார்கள். அங்கே படித்து வாங்கிய கிரெடிட்டை, அதாவது பாட அலகுகளை, எங்கள் கல்லூரி ஏற்காது. லாப நோக்குக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறுபவர் சராசரியாக 94 சதவீத கிரெடிட்டை இழக்கிறார் என்று ஜிஏஓ 2017ல் கணக்குப் போட்டது. மூடும்போது படித்துக்கொண்டிருந்தவருக்கு ஃபெடரல் கடன் தள்ளுபடி உண்டு. ஆனால் அவர் அந்த ரெண்டு வருஷத்தை எங்கே போய்க் கேட்பார்?

அதனால்தான் அதிகாரிகள் குழாயில் கை வைக்கத் தயங்குகிறார்கள். கல்லூரி சின்னதாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது. பெரிதானபின் மூடினால் ஆயிரக்கணக்கானவர் நடுத்தெருவில். கம்பெனிக்கும் இது தெரியும், மாணவர்களையே கேடயமாக வைத்துக்கொண்டு பேரம் பேசும். கடைசியில் கொரிந்தியன் மாணவர் சுமார் 5,60,000 பேருக்கு 580 கோடி டாலர் கடனை அரசு 2022ல் தள்ளுபடி செய்தது. ஐடிடிக்கு இன்னொரு 390 கோடி. முதலில் கொடுத்ததும் மக்கள் வரிப்பணம், தள்ளுபடியும் மக்கள் வரிப்பணம். நடுவில் லாபம் எடுத்தவர் எடுத்துக்கொண்டு போனார்.

மதுரைக்காரன்_எல்ஏ:
மீனா மேடம் சொல்றது நியாயம். அப்ப எனக்குப் புரியுறது என்னன்னா, சான்றைப் பாக்குறதை விட்டுட்டு விளைவைப் பாருங்க. படிச்சவன் எவ்வளவு சம்பாதிக்கிறான், கடனைக் கட்டுறானா. அதை எல்லாக் காலேஜுக்கும் பாருங்க, லாபம், லாபம் இல்லாததுன்னு பிரிக்காம. லட்சம் டாலர் வாங்கிட்டு சினிமாப் படிப்புல மாஸ்டர்ஸ் குடுக்குற பெரிய பேரு யூனிவர்சிட்டியை ஏன் யாரும் கேக்கல?

ஓஹையோ_வாசு:
இதில் நான் உங்கள் பக்கம். ஆனால் விளைவை அளப்பதிலும் அவர்கள் விளையாடினார்கள். கடன் கட்டத் தவறியவர் விகிதம் மூன்று வருஷம் தொடர்ந்து 30 சதவீதம், அல்லது ஒரே வருஷம் 40ஐத் தாண்டினால் உதவி நிற்கும் என்பது விதி. அளப்பது முதல் மூன்று வருஷம் மட்டும். கல்லூரிகள் என்ன செய்தன? ஆள் வைத்து முன்னாள் மாணவருக்குப் போன் போட்டு, "தவணையை ஒத்திவைக்கிறோம், இங்கே கையெழுத்துப் போடு" என்றன. மூன்று வருஷம் தாண்டியதும் போன் நின்றுவிடும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

சம்பளத்தை வைத்து அளக்கும் "கெயின்ஃபுல் எம்ப்ளாய்மென்ட்" விதியின் வரலாறு தனிக்கூத்து. 2011ல் எழுதினார்கள், 2012ல் நீதிமன்றம் முக்கியப் பகுதியை அடித்தது. 2014ல் திரும்ப எழுதினார்கள், 2019ல் அடுத்த ஆட்சி ரத்து செய்தது. 2023ல் மறுபடி எழுதினார்கள். ஒரு கல்லூரியாவது இந்த விதியால் உதவியை இழக்கும் கட்டம் வருவதற்குள் விதியே போய்விடும். கம்பெனி காத்திருந்தாலே போதும், தேர்தல் வரும்.

டாலஸ்_பிரபா:
எல்லாருக்கும் நன்றி. மச்சினி அந்தக் காலேஜ் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். வேறு இடம் பார்க்கும்போது என்னென்ன கேட்கணும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

சாந்தி_கே:
முதலில் அந்த ஊர் கம்யூனிட்டி காலேஜில் இதே கோர்ஸ் என்ன விலை என்று கேளுங்கள். பாதிப்பேர் இதைக் கேட்பதே இல்லை. அடுத்து கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளம். படிப்புவாரியாகச் சம்பளமும் கடனும் இருக்கும். கல்லூரிக்குச் சான்று இருந்தால் போதாது. மருத்துவம் சார்ந்த படிப்பு என்றால் அந்தப் படிப்புக்கே தனிச்சான்று இருக்கா, முடித்தவர் உரிமத் தேர்வு எழுத முடியுமா என்று கேட்கணும். நர்சிங் என்றால் மாநில நர்சிங் போர்டு கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் போடும்.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து என்று யாராவது சொன்னால் திங்கட்கிழமை போன் பண்ணுங்கள். சீட் இருக்கும்.

ராலே_மீனா:
சாந்தி சொன்னதோடு ஒன்று. மூன்று நான்கு பக்கத்துச் சேர்க்கை ஒப்பந்தத்தில், எத்தனை வாரத்துக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பத்தியைப் படித்துவிட்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எங்களிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான், ஆனால் கேட்கிற நேரம் தாண்டிப்போயிருக்கும்.

ஃப்ரீமாண்ட்_ரவி:
"லாப நோக்கற்ற" போர்டு தொங்குதான்னு பாத்தா போதுமா?

ஓஹையோ_வாசு:
போதாது. காப்லன் யூனிவர்சிட்டி என்ற லாப நோக்குக் கல்லூரியை பர்டியூ என்ற அரசுப் பல்கலைக்கழகம் 1 டாலருக்கு வாங்கியது. இப்போது அது பர்டியூ குளோபல். பழைய கம்பெனி 30 வருஷ ஒப்பந்தத்தில் பின்னாலிருந்து வேலை செய்கிறது, வருமானத்தில் பங்கு வாங்குகிறது. ஆஷ்ஃபோர்ட் யூனிவர்சிட்டியும் 2020ல் அதே மாதிரி 1 டாலருக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் பெயருக்குள் போனது. 2005ல் அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியை அதன் தரச்சான்றோடு சேர்த்து வாங்கி, ஆன்லைனில் பல்லாயிரம் பேராகப் பெருக்கிய கம்பெனியின் கல்லூரி அது. கலிஃபோர்னியா நீதிமன்றம் 2022ல் மாணவரை ஏமாற்றியதற்காக அந்தக் கம்பெனிக்கு 2 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது.

மதுரைக்காரன்_எல்ஏ:
பேரு மாறினதும் 90/10 விதியும் கிடையாது, அப்படித்தானே சார்?

ஓஹையோ_வாசு:
கிடையாது. அது லாப நோக்குக் கல்லூரிக்கு மட்டும். 2025 ஜூலைச் சட்டத்தில் வந்திருக்கும் புதுச் சம்பளச் சோதனை மட்டும் நீங்கள் கேட்டபடி எல்லா வகைக் கல்லூரியின் பட்டப்படிப்புக்கும் பொருந்தும்: படித்தவர் சம்பளம், இளங்கலை என்றால் பள்ளிப்படிப்போடு நின்றவர் சம்பளத்துக்கும், மாஸ்டர்ஸ் என்றால் இளங்கலையோடு நின்றவர் சம்பளத்துக்கும் கீழே இருந்தால், மூன்றில் இரண்டு வருஷம் அப்படி இருந்தால், அந்தப் படிப்புக்கு ஃபெடரல் கடன் நிற்கும். பெல் கிராண்டை அந்தச் சட்டப்பிரிவு தொடவில்லை. சினிமாப் படிப்பு மாட்டுமா என்று பார்க்கலாம்.